ஹாலுக்கு எத்தனை வாட்ஸ் என்று கேட்காதீர்கள்

கடலூர் லாரன்ஸ் ரோட்டிலோ புதுச்சேரி நேரு வீதியிலோ ஒரு எலக்ட்ரிக்கல் கடைக்குள் போய் "ஹாலுக்கு லைட் வேணும்ண்ணா" என்று கேட்டுப் பாருங்கள். "எத்தனை வாட்ஸ்?" என்பார். நமக்கும் அதற்கு மேல் சொல்லத் தெரியாது, "நல்லா பளிச்சுன்னு இருக்கற மாதிரி குடுங்க" என்போம், வெள்ளை வெளேர் என்று எரிகிற 20 வாட்ஸ் எல்இடி டியூப்லைட் ஒன்று பையில் வந்து விழும். ஹால் எத்தனை அடி, சுவரில் என்ன பெயிண்ட், சீலிங் எவ்வளவு உயரம், வீட்டில் வயதானவர்கள் இருக்கிறார்களா, பிள்ளைகள் அங்கே உட்கார்ந்துதான் படிக்கிறார்களா, ராத்திரி யாராவது ஹாலிலேயே படுக்கிறார்களா, இதில் ஒன்றைக்கூட யாரும் கேட்பதில்லை.

நம் ஊர் ஹால் என்பது வரவேற்பறை மட்டும் கிடையாது. காலையில் பேப்பர் படிப்பது, காய் நறுக்குவது, சாயங்காலம் விளக்கு ஏற்றுவது, பிள்ளைகளின் ஹோம்வொர்க், சீரியல், சாப்பாடு, கடைசியில் பாய் விரித்துப் படுப்பது வரை எல்லாம் அந்த ஒரே அறையில் நடக்கிறது, ஆனால் இத்தனைக்கும் சேர்த்து சுவரில் ஒரே ஒரு டியூப்லைட், ஒரே ஒரு ஸ்விட்ச். அதனால்தான் ஊசியில் நூல் கோக்கும்போது லைட் அழுது வடிவதாகத் தெரிகிறது, அதே லைட் ராத்திரி பத்து மணிக்குக் கண்ணைக் கூசுகிறது. ஹாலுக்குச் சரியான வெளிச்சம் என்று ஒரு எண்ணைத் தேடுவதே வீண் வேலை என்பது என் அழுத்தமான கருத்து. பொது வெளிச்சம் மிதமாக இருக்க வேண்டும், கண்ணுக்கு வேலை இருக்கிற இடத்தில் மட்டும் கூடுதலாக வேண்டும், படுக்கிற நேரத்துக்குக் குறைய வேண்டும், மூன்றும் தனித்தனி ஸ்விட்சில் இருக்க வேண்டும். எதற்கு எவ்வளவு என்பதற்குக் கணக்கு இருக்கிறது, கஷ்டமான கணக்கும் இல்லை.

முதலில் வாட்ஸை விட்டுவிடுவோம். வாட்ஸ் என்பது பல்பு இழுக்கிற கரண்ட், வெளிச்சத்தின் அளவு லூமன். குண்டு பல்பு காலத்தில் எல்லா கம்பெனி பல்பும் ஒரே மாதிரி கம்பியைச் சூடாக்கித்தான் வெளிச்சம் தந்தன, அதனால் வாட்ஸைச் சொன்னாலே வெளிச்சம் புரிந்துவிடும்: 40 வாட்ஸ் என்றால் சுமார் 400 லூமன், 60 என்றால் 700, 100 என்றால் 1300-க்குக் கொஞ்சம் மேலே. பழைய நாலடி டியூப்லைட் 2400 லூமன் வாக்கில் கொடுத்தது, அதற்கு ட்யூப் 36 வாட்ஸோ 40 வாட்ஸோ இழுத்தது போக, சோக் தனியாகப் பத்து வாட்ஸ் தின்னும். இன்றைக்கு 9 வாட்ஸ் எல்இடி பல்பு 900 லூமன் கொடுக்கிறது, 20 வாட்ஸ் எல்இடி டியூப்லைட் 2000 லூமன் கொடுக்கிறது. ஆனால் எல்லாமே அப்படி இல்லை. ஒரே 9 வாட்ஸில் ஒரு கம்பெனி 800 லூமன், இன்னொன்று 1000 லூமன், பெயர் தெரியாத மலிவுச் சரக்கில் அதைவிடவும் குறைவு. அட்டைப் பெட்டியின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் லூமன் போட்டிருக்கும், அதைப் பாருங்கள். 2018 முதல் எல்இடி பல்புகளுக்கு ஸ்டார் லேபிள் கட்டாயம், ஒரு வாட்ஸுக்கு எத்தனை லூமன் என்பதைக் கொண்டுதான் அந்த ஸ்டார் வருகிறது.

இந்தக் கதையில் புதுச்சேரிக்குத் தனி இடம் உண்டு. வீடு வீடாகக் குண்டு பல்பை வாங்கிக்கொண்டு எல்இடி பல்பு கொடுக்கும் திட்டத்தை, மத்திய அரசின் ஈஈஎஸ்எல் நிறுவனம் 2014-ல் இங்கேதான் ஆரம்பித்தது. எரிகிற 60 வாட்ஸ் பல்பைக் கொடுத்தால் 7 வாட்ஸ் எல்இடி, விலை 10 ரூபாய், வீட்டுக்கு மூன்று. அந்த நாளில் அரசு மொத்தமாக வாங்கும்போதே ஒரு பல்பு 310 ரூபாய் ஆனது. நாடு முழுவதற்குமான திட்டம் 2015 ஜனவரி 5-ம் தேதிதான் தொடங்கியது, பிற்பாடு உஜாலா என்று பெயர் பெற்று 36 கோடிக்கு மேல் பல்புகள் போயிருக்கின்றன. நீல எல்இடியைக் கண்டுபிடித்த அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்ததும் அதே 2014-ல்தான். நீல எல்இடி இல்லாமல் வெள்ளை எல்இடி இல்லை, உள்ளே எரிவது நீலம்தான், அதன் மேல் பூசியிருக்கும் மஞ்சள் பாஸ்பர்தான் அதை வெள்ளையாக்குகிறது. இது பின்னால் வேண்டியிருக்கும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாட்ஸை வைத்தே வெளிச்சத்தை எடைபோடுவதும், "எதுக்கும் ஒரு சைஸ் பெரிசா வாங்கிடு" என்று சொல்வதும் நமக்குப் பழகிப்போனதற்கு வோல்டேஜும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். குண்டு பல்பில் வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால், அதாவது 230 இருக்க வேண்டிய இடத்தில் 207 வந்தால், வெளிச்சம் 10 சதவீதம் குறையாது, ஏறக்குறைய 30 சதவீதம் குறையும். சாயங்காலம் எல்லா வீட்டிலும் லைட்டும் டிவியும் போட்டு, பக்கத்துக் கொல்லையில் மோட்டாரும் ஓடினால் பல்பு சிவந்து போகும், அதைச் சமாளிக்க 100 வாட்ஸ் வாங்கினோம். நல்ல எல்இடி டிரைவருக்கு, அதாவது பல்புக்குள் கரண்டைச் சீராக்கிக் கொடுக்கிற சின்ன சர்க்யூட்டுக்கு, அந்தப் பிரச்சினை இல்லை, வோல்டேஜ் ஏறி இறங்கினாலும் வெளிச்சம் அப்படியே நிற்கும். பழக்கம் மட்டும் மாறவில்லை.

சரி, கணக்குக்கு வருவோம். பல்பிலிருந்து கிளம்புவது லூமன், நாம் பார்க்கிற பரப்பில் வந்து விழுவது லக்ஸ். ஒரு சதுர மீட்டரில் ஒரு லூமன் விழுந்தால் ஒரு லக்ஸ். நாம் எல்லாவற்றையும் அடியில் அளப்பவர்கள், ஒரு சதுர மீட்டருக்கு 10.76 சதுர அடி, ஆக 100 லக்ஸ் வேண்டுமென்றால் சதுர அடிக்குச் சுமார் 9 லூமன் வந்து சேர வேண்டும். ஆனால் பல்பு கக்குகிற வெளிச்சம் முழுக்க நம்மிடம் வராது, சுவரிலும் சீலிங்கிலும் ஃபிட்டிங்கிலும் சுமார் பாதி போய்விடும். அதனால் சதுர அடிக்கு 20 லூமன் என்று வைத்துக்கொண்டால், வெளிர் நிறச் சுவரும் பத்தடி சீலிங்கும் உள்ள ஹாலில் 100 லக்ஸ் வந்துவிடும். 10-க்கு 12 ஹால் என்றால் 120 சதுர அடி, 2400 லூமன்: ஒரு 20 வாட்ஸ் டியூப்லைட், கூட ஒரு சின்ன பல்பு. 12-க்கு 16 என்றால் 192 சதுர அடி, 3800 லூமனுக்குக் கொஞ்சம் மேலே, இரண்டு டியூப்லைட். ஒரு முனையில் மட்டும் லைட் மாட்டிய நீள ஹாலில் மறுமுனை இருண்டு கிடப்பதற்குக் காரணம் அந்த லைட் மட்டமான சரக்கு என்பதில்லை. அந்தப் பரப்புக்கு லூமனே போதவில்லை, அவ்வளவுதான்.

நூறு லக்ஸ் என்பது கூடுதலா குறைவா? உட்கார்ந்து பேச, சாப்பிட, நடமாட, வந்தவர் முகத்தைப் பார்க்க 100 முதல் 150 தாராளம். புத்தகம் படிக்க 300 வேண்டும். தைக்க, பூ கட்ட, அரிசியில் கல் பொறுக்க 500-க்கு மேல். டிவி மட்டும் பார்ப்பதற்கு 50-ம் அதற்குக் குறைவுமே போதும். இதோடு ஒப்பிட, சித்திரை மாத உச்சி வெயில் வெளியே ஒரு லட்சம் லக்ஸ் அடிக்கும், பௌர்ணமி நிலா வெளிச்சம் கால் லக்ஸ் கூட வராது, இந்த இரண்டிலுமே நாம் வழி பார்த்து நடக்கிறோம். கண் அவ்வளவு தூரம் வளைந்து கொடுக்கும். 2011 டிசம்பர் 30-ம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறிய பிறகு கரண்ட் இல்லாமல் இருந்த இரவுகளை இந்தப் பக்கத்துக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மெழுகுவர்த்தியிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி ஒரு லக்ஸ்தான் கிடைக்கும், அதிலேயே சமைத்தோம், சாப்பிட்டோம், அரை மணி நேரத்தில் கண் பழகிவிட்டது.

கண் இப்படி வளைவதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. வெளிச்சத்தை இரட்டிப்பாக்கினால் கண்ணுக்கு இரட்டிப்பாகத் தெரியாது, "கொஞ்சம் பரவாயில்லை" என்று மட்டும்தான் தோன்றும். ஒரு டியூப்லைட் போதவில்லை என்று இரண்டாவது மாட்டுகிறோம், அதுவும் ரெண்டு மாதத்தில் பழகிப்போகும், மூன்றாவது மாட்டலாமா என்று தோன்றும். இந்த வழியில் போனால் முடிவே கிடையாது. அதனால்தான் மேலே மாட்டுகிற லைட்டைக் கூட்டுவதை விட்டுவிட்டு, தேவைப்படுகிற இடத்துக்கு வெளிச்சத்தை இறக்கிக்கொண்டு வாருங்கள் என்கிறேன்.

புதுப்பாளையத்தில் என் பெரியம்மா சாயங்காலம் பூ கட்டுவார். ஆறு மணிக்கு மேல் ஹாலில் டியூப்லைட் எரிந்தாலும் வாசல்படிக்குப் பக்கத்தில் போய்த்தான் உட்காருவார், கேட்டால் "உள்ள வெளிச்சம் பத்தலடா" என்பார். லைட்டை மாற்றச் சொல்லி வீட்டில் சண்டையே நடந்தது. உட்கார்ந்து பார்த்தால் விஷயம் தெரியும்: டியூப்லைட் அவர் முதுகுக்குப் பின்னால் ஏழடி உயரத்தில் இருக்கிறது, அவர் தலையும் தோளும் போடுகிற நிழலில்தான் கையும் பூவும் இருக்கின்றன. வெள்ளை மல்லி, வெளுத்த வாழைநார், இரண்டுக்கும் நிறத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, நாரின் முடிச்சு எங்கே விழுகிறது என்று பார்க்க வெளிச்சம் முன்பக்கத்திலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ வர வேண்டும். 9 வாட்ஸ் பல்பு ஒன்றை மூடி போட்ட டேபிள் லாம்பில் மாட்டி, முக்காலியில் வைத்து, அவருக்கு இடது பக்கம் ஒன்றரை அடி தள்ளி வைத்தோம். "இப்பதான்டா நார் தெரியுது" என்றார். டியூப்லைட்டை மாற்றவே இல்லை.

இதற்குப் பின்னால் இருக்கும் கணக்கு எளிது. பல்பிலிருந்து தூரம் இரட்டிப்பானால் வெளிச்சம் பாதியாகாது, கால்வாசியாகும். 900 லூமன் பல்பு எல்லாப் பக்கமும் சமமாகப் பரப்புகிறது என்று வைத்துக்கொண்டால் ஒரு மீட்டரில் 70 லக்ஸ் சொச்சம், இரண்டு மீட்டரில் 18 லக்ஸ், ஆனால் 40 சென்டிமீட்டரில், அதாவது ஒன்றேகால் அடியில், 450 லக்ஸ். சீலிங்கில் மாட்டி ஒருவர் மடியில் 450 லக்ஸ் வரவைக்க எத்தனை பல்பு வேண்டியிருக்கும் என்று யோசியுங்கள். பக்கத்தில் வைத்தால் ஒன்றே போதும்.

வயதானவர்கள் விஷயத்தில் இது இன்னும் முக்கியம். வயது ஏற ஏறக் கண்மணி சுருங்கும், லென்ஸ் மஞ்சளாகும், இருபது வயதுக்காரர் கண்ணுக்குள் போகிற வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதுக்காரர் கண்ணுக்குள் போய்ச் சேருகிறது. அவருக்கு வெளிச்சம் அதிகம் வேண்டும், சந்தேகமே இல்லை. ஆனால் அதே லென்ஸ் வெளிச்சத்தைச் சிதறவும் அடிக்கும், கண்புரை ஆரம்பித்திருந்தால் சொல்லவே வேண்டாம், நேரே கண்ணில் படுகிற லைட் அவர்களைப் படாதபாடு படுத்தும். அதனால் "தாத்தாவுக்குக் கண் தெரியல" என்று சொல்லி ஹாலில் பெரிய லைட் மாட்டுவது அவருக்கு உதவியாகவும் இருக்கும், உபத்திரவமாகவும் இருக்கும். மூடி போட்ட, பல்பு கண்ணில் படாத, கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற விளக்கு அவருக்கென்று ஒன்று வேண்டும். பிள்ளைகள் படிக்கிற இடத்துக்கும் இதேதான். வலது கைக்காரருக்கு இடது பக்கம், அப்போதுதான் எழுதுகிற கையின் நிழல் நோட்டில் விழாது.

இனி சுவர். இங்கேதான் ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு கணக்கு மாறுகிறது. வெள்ளைச் சுவர் மேலே விழுகிற வெளிச்சத்தில் 80 சதவீதத்தைத் திருப்பித் தரும், கிரீம் நிறம் 70, வெளிர் பச்சையும் வான நீலமும் பாதி, இப்போது ஒரு சுவருக்கு மட்டும் அடிக்கிற கருநீலம், செங்கல் சிவப்பு எல்லாம் 10 முதல் 20 சதவீதம்தான். சிவப்பு சிமெண்ட் தரையும் அப்படித்தான். புதுச்சேரியில் தமிழர் பகுதியின் பழைய வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள், திண்ணை, தாழ்வாரம், முற்றம், உள்ளே மர உத்திரம் போட்ட உயரமான மச்சு, காலம் ஏறிக் கறுத்த தேக்குத் தூண். பகலில் முற்றத்து வானம் மொத்த வீட்டுக்கும் வெளிச்சம் தரும், அந்த வீட்டைக் கட்டினவர்கள் சூரியனை நம்பிக் கட்டினார்கள். இருட்டிய பிறகு அதே உயரமும் அதே மரமும் வெளிச்சத்தை விழுங்கிவிடும், மேலே போகிற வெளிச்சம் திரும்பி வரவே வராது. இப்படிப்பட்ட ஹாலுக்கு சதுர அடிக்கு 20 போதாது, 30 லூமன் போடுங்கள். அதைவிட நல்ல வழி, லைட்டை உத்திரத்தில் ஒட்டி மாட்டாமல் சங்கிலியிலோ கம்பியிலோ எட்டு, ஒன்பது அடிக்கு இறக்குவது. அழகுக்காகச் சுவரின் நிறத்தை மாற்ற மனமில்லை என்றால் லூமனைக் கூட்டித்தான் ஆக வேண்டும். ஆனால் பெயிண்ட் அடிக்கப் போகிறீர்கள் என்றால், சீலிங்குக்கு வெள்ளையைத் தவிர வேறெதுவும் வேண்டாம், அது காசில்லாமல் கிடைக்கிற வெளிச்சம்.

அப்புறம் பால்ஸ் சீலிங். செம்மண்டலத்திலிருந்து லாஸ்பேட்டை வரை புதிதாகக் கட்டுகிற வீடுகளில் எல்லாம் ஹாலுக்கு அதைப் போட்டு, எட்டோ பத்தோ ஸ்பாட் லைட் புதைத்து விடுகிறார்கள், லூமனைக் கூட்டிப் பார்த்தால் தேவைக்கு இரண்டு மடங்கு இருக்கும். இருந்தும் உள்ளே போனால் ஏதோ மங்கலாக இருப்பது போலவே தோன்றும். காரணம், ஸ்பாட் லைட் நேராகத் தரையில் அடிக்கிறது, சுவரில் வெளிச்சம் இல்லை. நாம் உட்கார்ந்து பார்க்கும்போது கண்ணில் படுவது சுவரும் எதிரில் இருப்பவர் முகமும்தான், தரை இல்லை. சுவர் இருட்டாக இருந்தால் தரையில் எத்தனை லக்ஸ் விழுந்தாலும் அறை இருட்டாகத்தான் தெரியும், எதிரில் இருப்பவர் கண்ணுக்குக் கீழே கறுப்பு நிழல் விழும். இந்த ஒரு விஷயத்தில், சுவரில் மாட்டிய பழைய பாணி டியூப்லைட்டை அடித்துக்கொள்ள எதுவும் இல்லை, அது சுவரையும் சீலிங்கையும் முகங்களையும் ஒன்றாக வெளிச்சமாக்கும். பார்க்க நாகரிகமாக இல்லை என்று அதைக் கழற்றி எறிகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. பால்ஸ் சீலிங் போட்டே தீருவது என்றால் ஸ்பாட்டுகளில் பாதியைச் சுவருக்கு ஒன்றரை அடிக்குள் கொண்டுபோய் வையுங்கள், வெளிச்சம் சுவரில் வழியட்டும். விளிம்பில் மறைத்து ஓட்டுகிற ஸ்ட்ரிப் லைட்டில் பாதிக்கும் மேல் உள்ளேயே போய்விடும், அது ராத்திரிக்கான மெல்லிய வெளிச்சம் என்று மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஃபேன் விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. லைட் ஃபேன் இறக்கைக்கு மேலே இருந்தால், இறக்கை ஒவ்வொரு முறையும் வெளிச்சத்தை வெட்டும், தரையிலும் சுவரிலும் நிழல் படபடக்கும், பத்து நிமிடத்தில் தலை வலிக்கும். நம் ஊரில் ஃபேன் ஓடாத மாதம் எது? சீலிங் நடுவில் ஃபேன், சுற்றிலும் அதற்கு நெருக்கமாக ஸ்பாட் லைட் என்று பிளான் போட்டுக் கொடுத்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஸ்பாட்டுகள் இறக்கை நுனியிலிருந்து நன்றாகத் தள்ளி இருக்க வேண்டும், இல்லையென்றால் லைட் ஃபேனைவிடக் கீழே, சுவரில் இருக்க வேண்டும். மலிவான எல்இடிகளில் டிரைவரே சரியில்லாமல் நொடிக்கு 100 தடவை மினுக்குவதும் உண்டு. கண்ணுக்குத் தெரியாது, சிலருக்குக் கண் சோர்வும் தலைவலியும் வரும். கடையிலேயே செல்போனில் ஸ்லோ மோஷன் வீடியோ எடுத்துப் பாருங்கள், பட்டை பட்டையாக ஓடினாலோ விட்டு விட்டு எரிந்தாலோ வேண்டாம்.

நிறத்துக்கு வருகிறேன். பெட்டியில் 6500 கெல்வின் என்று போட்டிருந்தால் நீலம் கலந்த வெள்ளை, 4000 என்றால் நடுத்தர வெள்ளை, 3000, 2700 என்றால் பழைய குண்டு பல்பின் மஞ்சள். நம் கடைகளில் கேட்காமலேயே கிடைப்பது 6500. பாஸ்பர் குறைவாகப் பூசினாலே போதும் என்பதால் அதே கரண்டில் அதற்குக் கொஞ்சம் லூமன் கூடுதலாகக் கிடைக்கும், டியூப்லைட் காலத்திலிருந்து நம் கண்ணுக்கும் அது பழகிவிட்டது. அதில் தப்பொன்றும் இல்லை, ஆனால் அது அதிக வெளிச்சத்துக்கான நிறம். வெளிச்சத்தைக் குறைத்துவிட்டு நீலவெள்ளையை மட்டும் வைத்தால் அறை சோகை பிடித்த மாதிரி ஆகிவிடும். பிலிப்ஸ் ஆய்வகத்தில் இருந்த க்ரைதாஃப் என்ற டச்சுக்காரர் 1941-லேயே இதை எழுதினார், எவ்வளவு வெளிச்சத்துக்கு எந்த நிறம் இதமாக இருக்கும் என்று அவர் போட்ட கோட்டைப் பிற்கால ஆய்வுகள் அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை என்றாலும், 50 லக்ஸில் 6500 கெல்வின் எரிகிற ஒரு ஹாலில் உட்கார்ந்து பார்த்தால் அவர் சொன்னது புரியும். என்னைக் கேட்டால் பொது வெளிச்சத்துக்கு 4000, ராத்திரி விளக்குக்கு 3000-க்குக் கீழே. "மஞ்சள் லைட்டுன்னா டல்லா இருக்குமே" என்பார்கள், டல்லாக இருக்க வேண்டிய நேரத்துக்குத்தான் அதைச் சொல்கிறேன்.

ஏனென்றால் தூக்கம் இதில் மாட்டிக்கொண்டிருக்கிறது. நம் உடம்புக்கு இது பகலா இரவா என்று சொல்கிற தனி செல்கள் கண்ணுக்குள் இருக்கின்றன, அவற்றை அதிகம் உசுப்புவது நீலம். படுக்கப் போவதற்கு முந்தைய மூன்று மணி நேரத்தில், அந்தச் செல்கள் உணரும் கணக்கில், கண்ணில் படுவது 10 லக்ஸுக்கு மேல் போகக் கூடாது என்று இத்துறை ஆய்வாளர்கள் சேர்ந்து 2022-ல் பரிந்துரை செய்தார்கள். அந்தக் கணக்கில் மஞ்சள் விளக்கு பாதிதான் எண்ணப்படும், அதாவது 6500-ஐவிட 2700 கெல்வினில் ஏறக்குறைய இரண்டு மடங்கு வெளிச்சம் வைத்துக்கொள்ளலாம். ஹாலிலேயே பாய் போட்டுப் படுக்கிற வீட்டில், பாட்டி ஒன்பது மணிக்குப் படுக்க, பேரன் பத்தரை வரை படிக்க, நடுவில் ஒரே டியூப்லைட் எரிந்தால் யாருக்கு என்ன தூக்கம் வரும்? படிக்கிறவனுக்கு மட்டும் டேபிள் லாம்ப், மற்ற இடத்தில் மஞ்சளாக ஒரு 3 வாட்ஸ் பல்பு, அவ்வளவுதான் தேவை.

மழைக்காலத்தில் இன்னொரு லாபமும் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் நெல்லிக்குப்பம், பாகூர் பக்கம் வயலை ஒட்டிய வீடுகளில் லைட் போட்டால் ஈசலும் பச்சைப் பூச்சியும் மொய்த்துவிடும், சோற்றில் விழும். நீலவெள்ளை வெளிச்சத்துக்கு வருகிற அளவு மஞ்சளுக்கு வராது. முழுக்க வராது என்று சொல்லவில்லை, குறையும். வாசல் லைட்டை முதலில் மாற்றுங்கள்.

டிவி பார்க்கும்போது மொத்த லைட்டையும் அணைப்பது நல்லதில்லை, இருட்டில் பளபளக்கிற திரையை மட்டும் பார்ப்பது கண்ணுக்குச் சிரமம். டிவிக்கு எதிர்ச் சுவரில் டியூப்லைட் இருந்தால் திரையில் அதன் கோடு விழும், அதுவும் ஆகாது. டிவிக்குப் பின்னாலோ பக்கத்திலோ, பல்பு தெரியாத மாதிரி ஒரு சின்ன வெளிச்சம் போதும்.

இதெல்லாம் நடக்க வேண்டுமென்றால் ஸ்விட்ச் தனித்தனியாக இருக்க வேண்டும், இதை ஒயரிங் நேரத்திலேயே எலக்ட்ரீஷியனிடம் சொல்லிவிட வேண்டும், பூச்சு முடிந்த பிறகு சுவரை வெட்டச் சொன்னால் அவரும் முகம் சுளிப்பார், செலவும் இரட்டிப்பு. இரண்டு டியூப்லைட்டுக்கு இரண்டு ஸ்விட்ச். ஸ்பாட் லைட் எட்டு என்றால் சுவரோரத்து நாலு ஒரு ஸ்விட்சிலும் நடு நாலு இன்னொன்றிலும். ராத்திரி விளக்குக்குத் தனி, அதை வாசல் பக்கம் ஒன்று, படுக்கையறை பக்கம் ஒன்று என்று டூ-வே போட்டுவிட்டால் இருட்டில் தடவ வேண்டாம். உட்காருகிற மூலைகளில் தரையிலிருந்து ஒன்றரை அடியில் பிளக் பாயிண்ட் கட்டாயம், டேபிள் லாம்ப் வாங்கியும் பிளக் இல்லாததால் மூலையில் கிடக்கிற வீடுகள் எத்தனையோ. டிம்மர் பற்றிக் கேட்பீர்கள். சாதாரண எல்இடி பல்பு டிம்மரில் ஒழுங்காக வேலை செய்யாது, மினுக்கும், சீக்கிரம் போய்விடும், டிம் ஆகும் என்று பெட்டியில் போட்ட பல்புதான் வேண்டும், ஃபேன் ரெகுலேட்டரில் பல்பை மாட்டும் வேலையே கூடாது. ஸ்விட்சை அணைத்து அணைத்துப் போட்டால் வெளிச்சமோ நிறமோ மாறுகிற பல்புகள் இப்போது எளிதாகக் கிடைக்கின்றன, அவை பரவாயில்லை. ஆனால் தனித்தனி ஸ்விட்சைவிட நம்பகமானது எதுவும் இல்லை.

கரண்ட் பில்லை நினைத்து வெளிச்சத்தில் கஞ்சத்தனம் பார்க்க வேண்டியதில்லை. 20 வாட்ஸ் டியூப்லைட் தினம் ஐந்து மணி நேரம் எரிந்தால் மாதம் 3 யூனிட், பழைய ஃபேன் ஒன்று 75 வாட்ஸ் இழுத்துக்கொண்டு பகலும் இரவும் ஓடுவதோடு பார்த்தால் இது ஒன்றுமே இல்லை. கடலூர் பக்கம் வீட்டு இணைப்புக்குக் கொஞ்சம் யூனிட் இலவசம் வேறு. மிச்சம் பிடிக்க நினைத்தால் ஃபேனில் பிடியுங்கள்.

கடற்கரை ஊர் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். பெட்டியில் 25,000 மணி நேரம் என்று போட்டிருப்பதற்கு, வெளிச்சம் ஆரம்பத்தில் இருந்ததில் 70 சதவீதமாகக் குறைய ஆகும் நேரம் என்றுதான் பொருள், அதுவரை புதிது போலவே எரியும் என்று இல்லை. மெல்ல மெல்லக் குறைவதால் நமக்குத் தெரிவதே இல்லை. தேவனாம்பட்டினம், குருசுக்குப்பம் மாதிரி கடலை ஒட்டிய இடங்களில் உப்புக்காற்று ஃபிட்டிங்கின் முனைகளை அரித்துவிடும். எந்த ஊரானாலும் தூசியும் பூச்சியும் சேர்ந்து மேல்மூடியை மங்கலாக்கும். பொங்கலுக்கு வீடு சுத்தம் செய்யும்போது மெயினை ஆஃப் பண்ணிவிட்டு லைட் மூடியைக் கழற்றித் துடைத்துப் பாருங்கள், புது லைட் வாங்கின மாதிரி இருக்கும். முழுக்க மூடின கண்ணாடிக் கூண்டுக்குள் பெரிய வாட்ஸ் எல்இடி போட வேண்டாம், சூடு வெளியே போகாமல் டிரைவர் செத்துப்போகும். தேவைக்குக் கொஞ்சம் கூடுதல் லூமன் வைத்தே வாங்குங்கள், நாளாக ஆக வெளிச்சம் குறைவதை அது ஈடுகட்டும்.

அளந்து பார்க்க ஆசை இருந்தால் செல்போனில் லக்ஸ் மீட்டர் ஆப் போட்டுக்கொள்ளலாம். போனின் சென்சார் துல்லியமானது இல்லை, 100 என்று காட்டினால் உண்மையில் 70-ஆகவும் இருக்கலாம், 130-ஆகவும் இருக்கலாம். ஆனால் ஒரே போனை வைத்து இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும், லைட் மாற்றுவதற்கு முன்னும் பின்னும் ஒப்பிட அது போதும். இருட்டிய பிறகு, போனைப் புத்தகம் இருக்கிற இடத்தில் முகம் மேலே பார்க்க வைத்து, உங்கள் நிழல் விழாமல் தள்ளி நின்று பாருங்கள். பெரும்பாலான ஹால்களில் டியூப்லைட்டுக்குக் கீழே ஒரு எண்ணும், சோபாவில் உட்காருகிற இடத்தில் அதில் மூன்றில் ஒரு பங்கும் காட்டும். குறைச்சல் எங்கே என்று அப்போதே தெரிந்துவிடும்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் சுவரை உடைக்க முடியாது, வீட்டுக்காரர் ஆணி அடிக்கவே யோசிப்பார். அவர்கள் இருக்கிற டியூப்லைட்டை 4000 கெல்வினில் நல்ல லூமன் உள்ளதாக மாற்றிக்கொண்டு, பழையதைப் பத்திரமாகப் பரணில் போட்டு வைத்து, காலி செய்யும்போது திருப்பி மாட்டிக்கொள்ளலாம். ஜீரோ வாட்ஸ் பல்பு இருக்கிற ஹோல்டரில் 3 வாட்ஸ் மஞ்சள் எல்இடி. படிக்கவும் பூ கட்டவும் ஸ்விட்ச் வைத்த ஒரு டேபிள் லாம்ப், எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகி, ஒயரைச் சுவரோரமாகக் கொண்டுபோய்விட்டால் கால் தடுக்காது. அடுத்த வீட்டுக்குப் போகும்போது மூன்றையும் கழற்றி எடுத்துக்கொண்டு போகலாம்.